செரங்கெட்டியில் ஒரு பகல்



தான்சானியாவின் வடபகுதியில் 14,763 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது செரங்கெட்டி தேசியப் பூங்கா. 1951-இல் உருவானது, 1981-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களில் சேர்ந்தது. அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் மனத்தில் ஒரு பட்டியலோடுதான் போகிறார்கள்: சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம். கால்நடையாகப் போய்ச் சுட்டு வீழ்த்துவதற்கு மிகக் கடினமானவை என்று பழைய வேட்டைக்காரர்கள் வகுத்துவைத்த ஐந்து விலங்குகள் அவை. துப்பாக்கி இருந்த கையில் கேமரா வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பட்டியல் மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த நிலத்தையே சுமந்து நிற்கும் விலங்குக்கு அதில் இடமில்லை. அதன் பெயர் வில்டபீஸ்ட். நீண்ட முகம், தாடி, பிடரி, குதிரைவால், முன்புறம் உயர்ந்து பின்புறம் சரிந்த முதுகு. முதல் நாள் ஆசையாகப் படம் எடுக்கிறவர்கள் மறுநாள் அதன் பக்கம் திரும்புவதில்லை. இன்றைய பேச்சு அந்த விலங்கின் பின்னால் போகும் ஒரு பிப்ரவரிப் பகலைப் பற்றியது. வழியில் சிங்கமும் வரும், கழுதைப்புலியும் வரும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறரை மணிக்கு விடிகிறது. சுவாகிலி பேசுகிறவர்கள் மணியை எண்ணத் தொடங்குவதும் விடியலிலிருந்துதான். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. வெளிச்சம் பரவுவதற்கு முன்பே வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. பெரும்பாலும் டொயோட்டா லேண்ட்குரூசர். நின்றுகொண்டு பார்ப்பதற்கு வசதியாகக் கூரையை மேலே தூக்கிவிடுவார்கள். ஓட்டுநரே வழிகாட்டியும். கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் உயரம் என்பதால், ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டுமே நினைத்து வந்தவர்கள் காலைக் குளிரில் நடுங்குகிறார்கள். கறுப்பு, கருநீலம் ஆகிய நிறங்களில் உடுத்த வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லியிருப்பார்கள். கடித்தால் சுரீரென்று வலிக்கும் செட்சே ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வருபவை. மரங்கள் அடர்ந்த பகுதிகளில் அவற்றைப் பிடிக்கத் தொங்கவிட்டிருக்கும் துணிகளும் இதே நிறங்கள்தான்.

செரங்கெட்டியின் தெற்கு ஓரத்தில் ந்துட்டு என்றொரு ஏரி. ஏரியைச் சுற்றிக் குடை விரித்தாற்போல் வேலமரங்கள். நம்மூரில் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் குடைவேல மரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மரம் அந்நியமாகத் தெரியாது. இரண்டும் ஒரே பேரினம். மரங்களைத் தாண்டியதும் நிலம் சட்டென்று மொட்டையாகிவிடுகிறது. தொடுவானம் வரை கணுக்கால் உயரப் புல் மட்டுமே. பிப்ரவரியில் அந்தப் புல்லின்மேல்தான் மந்தை நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குக் கேட்டுவிடும்: மூக்கால் முனகுவதுபோன்ற ஓர் ஒலி, ஆயிரக்கணக்கான தொண்டைகளிலிருந்து, இடைவிடாமல். பிறகு சாணமும் நசுங்கிய புல்லும் கலந்த வாசனை. வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டால் அந்த ஒலி நாலாபுறமும் சூழ்ந்துகொள்கிறது.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரு தாய் வில்டபீஸ்ட் மந்தைக்குள் படுக்கிறது, எழுகிறது, நாலடி நடந்து மறுபடி படுக்கிறது. வாலுக்குக் கீழே இரண்டு வெளிறிய குளம்புகள் தெரிகின்றன. தலை வெளிவரும்வரை பிரசவத்தை நிறுத்திவைக்க அதனால் முடியும். கழுதைப்புலி தென்பட்டால், அந்த இரண்டு குளம்புகள் வெளியே நீட்டியபடியே எழுந்து ஓடிவிடும். எதுவும் வரவில்லை என்றால் மறுபடி படுத்து முக்குகிறது. கன்று வழுக்கி விழுகிறது. ஈரம் காயாத, மணல் நிற உடம்பு. பெரியவற்றின் கருஞ்சாம்பல் நிறத்துக்கு இடையில் தனித்துத் தெரிகிறது. தாய் நக்குகிறது. கன்று முன்கால்களை ஊன்றிப் பார்க்கிறது. பின்னங்கால்கள் அகன்று சரிகின்றன. மறுபடி ஊன்றுகிறது, மறுபடி சாய்கிறது. பிறந்ததிலிருந்து சராசரியாக ஏழு நிமிடத்தில் எழுந்து நின்றுவிடுகிறது. மடியைத் தேடி முதலில் தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே முட்டுகிறது. சிறிது நேரத்தில் தாயோடு ஓடவும் தொடங்கிவிடும். அந்த முதல் மணிநேரத்தில் தாயைத் தவறவிட்ட கன்று, அசைகிற எதன் பின்னாலும் போகும். வண்டிக்குப் பின்னால் ஓடிவரும் கன்றுகளைப் பார்த்து ஓட்டுநர்கள் மனம் கலங்குவதுண்டு. வண்டியை நிறுத்தி, மந்தை கடந்துபோகும்வரை அசையாமல் காத்திருப்பதுதான் அப்போது செய்யக்கூடிய உதவி.

பெரும்பாலான பிரசவங்கள் முற்பகலில் நடக்கின்றன. ஆண்டின் கன்றுகளில் பெரும்பகுதி ஏறத்தாழ மூன்றே வாரங்களில் பிறந்துவிடுகின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்றாலும் தின்று தீராத அளவுக்கு ஒரே நேரத்தில் கன்றுகள் வந்து நிறைகின்றன. அந்த வாரங்களுக்கு முன்போ பின்போ தனியாகப் பிறக்கும் கன்று பிழைப்பது அரிது. வில்டபீஸ்ட்டின் வாழ்வை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ரிச்சர்டு எஸ்டிஸ், 1960களில் பக்கத்து ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் இதைப் பொறுமையாகக் கவனித்து எழுதினார்.

ஏன் இந்த இடம்? கிழக்கே தெரியும் மலைகளில் விடை இருக்கிறது. 2,962 மீட்டர் உயரமுள்ள ஓல் டொயின்யோ லெங்காய் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை. 2007-08-இல் பெரிதாகச் சாம்பல் கக்கியது. அதுவும் அதன் அண்டை எரிமலைகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தூவிய சாம்பல்தான் இந்தச் சமவெளியின் மண். மழைநீரில் கரைந்து இறங்கிய சுண்ணாம்புச் சத்து கீழே பாறைபோல் இறுகிக் கிடக்கிறது. மரத்தின் வேர் அதைத் துளைத்து இறங்காது, அதனால் வெட்டவெளி. மேலே முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் வேண்டும். வெட்டவெளியில் பதுங்கிவரும் விலங்கும் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். ஒரே குறை, அங்கே வற்றாத நீர் கிடையாது. மே மாதத்தில் மழை ஓய்ந்து குட்டைகள் வற்றியதும் மந்தை வடமேற்கே நகர்கிறது. ஜூலை, ஆகஸ்டில் கென்ய எல்லையிலுள்ள மாரா ஆற்றைத் தொடுகிறது. நவம்பர் மழை தொடங்கியதும் தெற்கே திரும்புகிறது. சத்துக்காக வந்து தண்ணீருக்காகப் போகிற இந்தச் சுற்றுதான் உலகம் வியக்கும் பெரும் இடப்பெயர்ச்சி. சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட், இரண்டு லட்சம் வரிக்குதிரை, லட்சக்கணக்கில் தாம்சன் மான். வரிக்குதிரை நெட்டைத் தண்டுகளை மேய்ந்துவிட்டுப் போகும். பின்னால் வரும் வில்டபீஸ்ட்டுக்கு இலை எட்டும். அதற்கும் பின்னால் வரும் தாம்சன் மானுக்குப் புதுத் துளிர் கிடைக்கும்.

13 லட்சம் என்ற இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. பிராங்க்பர்ட் விலங்குக் காட்சிசாலையின் இயக்குநர் பெர்ன்ஹார்டு கிரிமெக்கும் அவருடைய மகன் மிகாயேலும் 1957 இறுதியில் ஜெர்மனியிலிருந்து ஒரு சிறிய விமானத்தைத் தாங்களே ஓட்டிக்கொண்டு இங்கே வந்தார்கள். விமானத்துக்கு வரிக்குதிரைபோலக் கோடுகள் தீட்டியிருந்தார்கள். அதில் தாழப் பறந்து, சமவெளியைப் பட்டை பட்டையாகப் பிரித்துத் தலைகளை எண்ணினார்கள். அவர்களுக்குக் கிடைத்த வில்டபீஸ்ட் கணக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1959 ஜனவரியில் அந்த விமானம் ஒரு பிணந்தின்னிக் கழுகின்மீது மோதி விழுந்தது. 24 வயது மிகாயேல் அங்கேயே இறந்தார். ங்கோரோங்கோரோவின் விளிம்பில் அவருடைய கல்லறை இருக்கிறது. 1987-இல் இறந்த தந்தையையும் அதன் அருகிலேயே அடக்கம் செய்தார்கள். செரங்கெட்டிக்குப் போகிற சாலையிலேயே அது இருந்தும், எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை.

1961-இல் வேறு ஆய்வாளர்கள் எண்ணியபோது இரண்டரை லட்சம். 1977-இல் 13 லட்சம். எண்ணும் முறைகளில் வேறுபாடு இருந்தது உண்மைதான். ஆனால் பதினாறு ஆண்டுகளில் ஐந்து மடங்கு என்பது எண்ணுகிறவர்களின் பிழையால் வரக்கூடியதா?

விடை மாட்டுத் தொழுவத்தில் இருந்தது. நம் கிராமங்களில் வெக்கை நோய் என்று அஞ்சிய அதே மாட்டு நோய். 1887 வாக்கில், எரித்திரியாவில் இறங்கிய இத்தாலியப் படையின் உணவுக்காகக் கொண்டுபோன மாடுகளோடு அது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கொம்புக்குள் நுழைந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்பது பரவலாக ஏற்கப்படும் வரலாறு. பத்தாண்டுக்குள் நோய் கண்டத்தின் தென்முனைவரை போய்விட்டது. மாடு, எருமை, வில்டபீஸ்ட் எதையும் விடவில்லை. கால்நடைகளில் பத்துக்கு ஒன்பது செத்ததாகக் கணிக்கிறார்கள். மாட்டையே நம்பி வாழ்ந்த மாசாய் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். 1892-இல் ங்கோரோங்கோரோவுக்கு வந்த ஆஸ்திரியப் பயணி ஆஸ்கார் பவ்மன், எலும்பும் தோலுமாக நின்ற அந்த மக்களைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பிறகு வந்த ஐரோப்பியர்கள், மனிதர் குறைந்து புதர் மண்டிய அந்த நிலத்தைத்தான் ஆதிகாலம் தொட்டே அப்படி இருந்த கானகம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

முதல் கொள்ளை ஓய்ந்த பிறகும் நோய் போகவில்லை. ஆண்டுதோறும், தாய்ப்பால் வழி வந்த காப்பு தீர்ந்த கன்றுகளைத் தாக்கிக்கொண்டே இருந்தது. காட்டு விலங்குகள்தான் மாடுகளுக்கு நோயைக் கொடுக்கின்றன என்று பலர் நம்பினார்கள். இதற்கிடையே மருந்து மெல்லத் தேறிவந்தது. 1920களில் நம் நாட்டின் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ், கிருமியை வெள்ளாட்டுக்கு வெள்ளாடு செலுத்தி வீரியம் குறைத்துத் தடுப்பூசி செய்தார். 1950களின் பிற்பகுதியில் நைரோபிக்கு அருகே முகுகாவில் வால்ட்டர் பிளவ்ரைட், கன்றின் சிறுநீரகச் செல்களில் அதை வளர்த்து, இன்னும் பாதுகாப்பானதும் மலிவானதுமான தடுப்பூசியைக் கண்டார். செரங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூடப் போடவில்லை. 1963-க்குப் பிறகு பிறந்த வில்டபீஸ்ட்டுகளின் இரத்தத்தில் அந்த நோயின் தடயமே இல்லை. நோயைத் தேக்கிவைத்திருந்தது மாட்டு மந்தைதான் என்று தெரிந்தது. முதல் ஆண்டைத் தாண்டிப் பிழைக்கும் கன்றுகளின் விகிதம் ஏறத்தாழ இரட்டித்தது.

அதன் பிறகு நடந்ததை ஆய்வாளர் ஆன்டனி சின்க்ளேரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். மந்தை பெருகியதால் புல் மேய்ந்து தீர்ந்தது. காய்ந்த புல் குறைந்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரக்கன்றுகள் கருகாமல் மரமாயின. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் இரை பெருகியது. கார்பனை வெளிவிடும் நிலமாக இருந்த செரங்கெட்டி, கார்பனைச் சேமிக்கும் நிலமாக மாறியது. இன்றைய பயணி புகைப்படம் எடுக்கிற வேலமரத்தில் பல, யாரோ ஒரு கால்நடை உதவியாளர் ஒரு மாசாய்ப் பட்டியில் நின்று மாட்டுக்கு ஊசி போட்டதால் வளர்ந்த மரங்கள். 2011-இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றுதான். அந்தச் சமவெளியின் நடுவே இதற்கு ஒரு நினைவுக்கல் வைத்தாலும் தகும்.

உச்சிவேளையில் சமவெளி அடங்கிவிடுகிறது. கொண்டுவந்த பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிடும் நேரம். திறந்த இடத்தில் பிரித்தால் பருந்து கையிலிருந்தே பறித்துக்கொண்டு போய்விடும். சிங்கங்கள் நிழலில் கிடக்கின்றன. நாளில் இருபது மணி நேரம் அவை இப்படித்தான் கிடக்கும். வண்டியின் நிழலிலேயே வந்து படுத்துக்கொள்வதும் உண்டு. 1966-இல் ஜார்ஜ் ஷேலர் இந்தச் சிங்கங்களை ஆராயத் தொடங்கினார். 1978-இல் கிரெய்க் பேக்கர் அதைத் தொடர்ந்தார். அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதுதான் 1994-இல் சிங்கங்கள் வலிப்பு வந்து விழத் தொடங்கின. கிராமத்து நாய்களிடமிருந்து பரவிய டிஸ்டெம்பர் நோய். மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள் செத்தன. இம்முறை ஊசி நாய்களுக்குப் போட்டார்கள்.

கழுதைப்புலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறர் கொன்றதைத் திருடித் தின்னும் கோழை என்ற பழி அதற்கு உலகெங்கும் உண்டு. 1960களில் ஆய்வாளர் ஹான்ஸ் குரூக் இரவெல்லாம் அவற்றின் பின்னால் வண்டியில் போய்ப் பார்த்தார். அவை தம் உணவில் பெரும்பகுதியைத் தாமே வேட்டையாடின. விடியற்காலையில் இரையின்மேல் நின்ற சிங்கம் பல நேரம் கழுதைப்புலி கொன்றதைப் பறித்திருந்தது. மந்தை தொலைவில் இருக்கும் மாதங்களில் தாய்க் கழுதைப்புலி, குட்டிகளை வளையில் விட்டுவிட்டுப் பல பத்து கிலோமீட்டர் நடந்து போய்த் தின்று, பால் கொடுக்கத் திரும்பி வருகிறது. அந்த மாதங்கள் முழுவதும் இந்தப் போக்குவரத்து. மாலை ஐந்து மணிக்குச் சாலையோரத்தில் வயிறு தொங்க, தலை குனிந்து, ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும் கழுதைப்புலியைப் பார்த்தால், முகம் சுளிக்காமல் கொஞ்சம் வழிவிட்டு நிற்கலாம்.

மாலையில்தான் வானொலிக் கருவிகள் பரபரக்கும். ஓர் ஓட்டுநர் சிவிங்கிப்புலியைப் பார்த்துவிட்டதாகச் சொல்வார். அரை மணியில் இருபது வண்டிகள் கூடிவிடும். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது. சிங்கத்தையும் கழுதைப்புலியையும் தவிர்க்க வெளிச்சத்தை நம்பியிருக்கிறது. வண்டிகள் சூழ்ந்தால் அதன் வேட்டை கெடும். கென்யாவின் மாசாய் மாராவில் ஃபெம்கே புரூக்ஹுய்ஸ் செய்து 2018-இல் வெளியான ஆய்வு இதை எண்ணிக்காட்டியது. சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதியில் ஒரு தாய் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் மிகுந்த பகுதியில் அந்த எண்ணிக்கை 0.2. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மாராவின் விதி. விதியை மீறும் ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பின்னால் உட்கார்ந்து இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்று கேட்பவர் யார்? அவர் கொடுக்கும் அன்பளிப்பில்தான் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது.

பொழுது சாயும்போது வண்டிகள் திரும்பியாக வேண்டும்; பூங்காவுக்குள் இரவில் ஓட்ட அனுமதி இல்லை. மந்தை அங்கேயே நிற்கும். அதற்கு முன்னால் இருக்கும் வழியைப் பற்றித்தான் கவலை. மாரா ஆற்றைக் கடக்கும்போது ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் மூழ்கிச் சாகின்றன என்று 2017-இல் ஓர் ஆய்வு கணித்தது. அந்தச் சாவு ஆற்றுக்கு உணவு. மீனும் கழுகும் அதில் வாழ்கின்றன, எலும்புகள் ஆண்டுக்கணக்கில் நீருக்குப் பாஸ்பரஸ் விடுகின்றன. இவ்வளவு இழப்பை மந்தை தாங்கிக்கொள்ளும். தாங்க முடியாதது ஆறே வற்றுவது. மாரா ஊற்றெடுக்கும் கென்யாவின் மாவ் காடு பல பத்தாண்டுகளாக வெட்டுப்பட்டு வருகிறது. வறட்சிக் காலத்தில் மந்தைக்கு வேறு தண்ணீர் கிடையாது.

2010-இல் பூங்காவின் வடபகுதியைக் குறுக்கே வெட்டி நெடுஞ்சாலை போடத் தான்சானிய அரசு திட்டமிட்டது. 2014-இல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் அந்தத் தார்ச்சாலையைத் தடுத்தது. சாலையும் வேலியும் என்ன செய்யும் என்பதை வேறெங்கும் போய்த் தேட வேண்டாம்: எல்லைக்கு அப்பால் கென்யாவின் லோய்த்தா சமவெளிக்கும் மாராவுக்கும் இடையே போய்வந்த இன்னொரு வில்டபீஸ்ட் மந்தை, வேலிகளும் பயிர்நிலங்களும் வந்தபின் பெரும்பாலும் அழிந்துவிட்டது. போட்ஸ்வானாவில் மாட்டு நோயைத் தடுக்கப் போட்ட வேலிகளில் முட்டி, நீரில்லாமல் பல்லாயிரம் செத்தன.

மாசாய் மக்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிப்பது நேர்மையாகாது. 1959-இல் செரங்கெட்டியை விட்டு வெளியேறினால் ங்கோரோங்கோரோவில் மாடு மேய்த்து வாழலாம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள். இன்று அங்கிருந்தும் அவர்களைக் கிளப்பும் வேலை நடக்கிறது. 2022-இல் பூங்காவின் கிழக்கே லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை அளந்து கல் நட்டபோது மோதல் வெடித்தது. ஊசிக்குத் தம் மாடுகளைப் பிடித்துக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். வேலி போடாத அவர்களுடைய மேய்ச்சல் நிலங்களின் வழியாகத்தான் மந்தை இன்றும் போகிறது. அவர்களை வெளியே தள்ளிவிட்டுக் காப்பாற்றுகிற திட்டம் எதுவானாலும், அதை ஏற்பதற்கு முன் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இந்த அவையில் அங்கே போக எண்ணியிருப்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். கன்று ஈனும் பருவம் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரியில் ந்துட்டு. ஆற்றைக் கடப்பது பார்க்க வேண்டுமானால் ஆகஸ்டு, செப்டம்பரில் மாரா. இரண்டிலும் முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: ஐந்து வண்டி நிற்கிற இடத்துக்கு ஆறாவதாகப் போக வேண்டாம், ஆற்றில் மந்தை இறங்கும் துறையை அடைத்து நிறுத்த வேண்டாம், சிங்கம் கிடைக்காவிட்டாலும் அன்பளிப்பு குறையாது. பிறகு மந்தைக்கு நடுவே எஞ்சினை அணைத்து ஒரு முற்பகல் முழுக்க உட்காருங்கள்.